எட்டுப் பாக ஆழத்தில் ஒரு கதவு

கடலில் இறங்கலாமா வேண்டாமா என்று சொல்வதற்கென்றே ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. வைத்திருந்தார்கள். அறுபத்தேழாம் வருஷத்திலிருந்து அறுபத்தொன்பது தை மாசம் வரைக்கும், பழவேற்காட்டுக்கு வடக்கே ஒரு குப்பத்தில் இருந்த துலுக்காணத்துக்கு அதுதான் வேலை. வலை இழுக்க வேண்டாம், மீன் கொண்டுவர வேண்டாம். விடிந்ததும் படகில் போய்த் தண்ணீரைப் பார்த்து ‘எறங்கலாம்’ என்றோ ‘வேணாம்’ என்றோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். “கடலுக்கே நாடி புடிச்சிப் பாக்கறாருப்பா” என்று குப்பத்தில் கேலி செய்யாதவர் கிடையாது. துலுக்காணம் கேட்காதது போல நடந்துவிடுவார். உள்ளூர அந்த வேலையில் அவருக்குக் கர்வம் ஏராளம்.

வெள்ளைக்காரன் காலத்தில் புயலில் மூழ்கிய சரக்குக் கப்பல் ஒன்று அந்தப் பக்கத்துக் கடலில் எட்டுப் பாக ஆழத்தில் கிடந்தது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், அப்படி எட்டு. அதிலிருக்கும் செம்பையும் பித்தளையையும் இரும்பையும் எடுத்துக்கொள்ள அருணாச்சலம் என்கிற கான்ட்ராக்டர் உரிமை வாங்கியிருந்தார். புதுவாயல் கூட்டுரோட்டில் அவருக்குப் பழைய இரும்புக் கிடங்கு இருந்தது. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவதற்கு மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை பழகிய இரண்டு பேரைக் கூட்டி வந்தார். ஒருவன் ஜோசப். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்து ஊர்க்காரன். அவனுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் கடல் தண்ணீரில் காலை வைத்த முதல் ஆள் இவன்தான். இன்னொருவன் தேசப்பன், ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். ஒருவன் இறங்கினால் மற்றவன் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பான். ஒரு சிலிண்டர் காற்று முக்கால் மணி நேரம் தாங்கும். காலியானதை ரயிலேற்றி மெட்ராசுக்குக் கொண்டுபோய்த்தான் நிரப்பிக்கொண்டு வர வேண்டும்.

துலுக்காணம் முதலில் பார்ப்பது காற்று. கரையிலிருந்து கடலுக்குப் போகும் விடியற்காற்று நின்று நிதானமாக வீசினால் நல்ல நாள். வடக்கிலிருந்து வாடை முகத்தில் அடித்தால் பத்து மணிக்கு மேல் கடல் கெட்டுவிடும். அடுத்தது தண்ணீர். வெள்ளை எனாமல் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, எத்தனை பாகம் வரை வெள்ளை தெரிகிறது என்று எண்ணுவார். ஐந்துக்குக் குறைந்தால் வேண்டாம். முகத்துவாரம் திறந்து ஏரித் தண்ணீர் கலங்கலாகக் கடலுக்குள் வந்துவிட்ட வாரங்களில் இரண்டு பாகம்கூடத் தெரியாது. அப்போதெல்லாம் எல்லாரும் கரையில் சீட்டாட வேண்டியதுதான். அமாவாசையன்றும் மறுநாளும் எப்படியிருந்தாலும் இறங்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

கடைசியாக மோட்டாரை நிறுத்தச் சொல்வார். துடுப்பை நட்டுக்குத்தலாகத் தண்ணீருக்குள் விட்டு, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்பார்.

அந்தக் கரையில் மீன் பிடிக்கிறவர்கள் பலரும் செய்கிற காரியம்தான் அது. கத்தாளை மீன் கூட்டமாக வந்தால் துடுப்பு வழியே கொர்கொர்ரென்று கேட்கும். துலுக்காணத்தின் காது மற்றவர்களுடையதை விடக் கூர்மை. கப்பலுக்கு மேலே முதன்முதலாகத் துடுப்பை விட்ட அன்றைக்கு அவர் கேட்டது மீன் சத்தம் அல்ல. டொக் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் டொக். அவர் காதை எடுத்துவிட்டுப் படகிலிருந்தவர்களைப் பார்த்தார்.

“கப்பல்ல யாரோ தட்டுறாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. ஜோசப் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டான். அன்றைக்கு யாரும் இறங்கவில்லை.

மூன்று நாள் கழித்துச் சத்தம் நின்றிருந்தபோது ஜோசப் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். என்ஜின் அறைக்குப் போகிற வழியில் ஓர் இரும்புக் கதவு. கீழ்க் கீல் அற்றுப்போய் மேல் கீலில் மட்டும் தொங்குகிறது. அடித்தண்ணீர் வேகமாக ஓடும்போது அது ஆடி ஆடிச் சுவரில் மோதுகிறது. அவ்வளவுதான் விஷயம். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்துக்கு வன்னி என்று பெயர். மேலே கடல் பாய் விரித்தாற்போல இருக்கும், அடியில் வன்னி ஆளையே இழுத்துக்கொண்டு போகும். அதை மேலிருந்து கண்டுபிடிப்பது பெரும்பாடு. இப்போது கப்பலே மணியடித்துச் சொல்லிவிடுகிறது. அன்றிலிருந்து தினமும் காலையில் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இன்னாணா, கதவு தட்டுதா?”

துலுக்காணத்தின் மனைவி பச்சையம்மா இந்தக் கதையை ஏற்கவில்லை. “தொங்குற கதவு காத்துல அடிச்சிக்கும். தட்டுறதுன்னா உள்ள இருக்கறவன்தான் தட்டுவான். அத்தினி பேரு செத்த கப்பலு அது” என்றாள். துலுக்காணம் அவளைக் கிண்டல் செய்தார். ஆனாலும் தட்டுகிற நாட்களில் அவர் காது துடுப்பில் நிற்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு தட்டு கேட்டதும் எடுத்துவிடுவார். அதற்கு மேல் கேட்க அவருக்குப் பயம். அதை யாரிடமும் சொன்னதில்லை.

தை அமாவாசை வந்தது. துலுக்காணம் திருவள்ளூருக்குப் போய் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்து, தகட்டில் அடித்த ஒரு காது உருவத்தை வாங்கி உண்டியலில் போட்டார். காதை வைத்துப் பிழைக்கிறவர் வேறென்ன வேண்டிக்கொள்வார்? இரவு அங்கேயே சத்திரத்தில் தங்கி மறுநாள் சாயங்காலம்தான் ஊர் திரும்பினார். தேசப்பனும் அந்த இரண்டு நாளும் சிலிண்டர் நிரப்ப மெட்ராசுக்குப் போயிருந்தான்.

அதற்கடுத்த நாள் காலை எல்லாரும் கடலுக்குப் போனார்கள். கரைக்காற்று மெல்ல வீசியது. எனாமல் தட்டு ஆறு பாகம் வரை தெரிந்தது. துலுக்காணம் துடுப்பில் காதை வைத்தார். ஒன்றுமே இல்லை. மீன் சத்தம்கூட இல்லாத அப்படியொரு மௌனத்தை அவர் அந்தக் கடலில் கேட்டதே கிடையாது. கோயிலுக்குப் போய்வந்த பலன் என்று நினைத்துக்கொண்டார்.

“எறங்கு” என்றார்.

ஜோசப் சிலிண்டரை மாட்டிக்கொண்டு நின்றான். “நல்லாக் கேட்டீங்களாணா?”

“இன்னாடா புதுசா கேக்கற? கதவு தூங்குது. எறங்கு.”

“இன்னொரு தபா கேளுங்கணா.”

துலுக்காணத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு வருஷத்தில் அவர் வார்த்தையை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. “என் காது மேல நம்பிக்க இல்லன்னா நீயே கேட்டுக்கோ” என்று துடுப்பை நீட்டினார். ஜோசப் அதை வாங்கவில்லை. என்னவோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் காற்றுக்குழாயை வாயில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகச் சரிந்து தண்ணீருக்குள் போனான்.

கால் மணி நேரம் கயிறு ஒழுங்காக நகர்ந்தது. பிறகு ஒரே வெட்டாக இழுபட்டு நின்றது. தேசப்பன் சமிக்ஞைக்காக மூன்று முறை இழுத்தான். கீழிருந்து பதில் இல்லை. மறுபடி இழுத்தான். கயிறு எதிலோ மாட்டிக்கொண்டு இரும்பாக நின்றது. அதே சமயம் காற்றும் திரும்பியது. வாடை சொல்லிவைத்தாற்போல எழும்பி, கடல் மேலெல்லாம் வெள்ளை அலையாக உடையத் தொடங்கியது. அந்த நுரையில் கீழிருந்து மூச்சுக் குமிழி வருகிறதா இல்லையா என்று பார்க்க முடியவில்லை. கப்பலுக்குள்ளே இருந்தால் குமிழி மேல்தளத்துக்கு அடியிலேயே தங்கிவிடும், வெளியே வரவே வராது.

“நான் எறங்குறேன்” என்று தேசப்பன் இன்னொரு சிலிண்டரை எடுத்தான்.

“இரு” என்று சொல்லித் துலுக்காணம் துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் காதை வைத்தார்.

டொக். டொக். டொக்.

“கதவு தட்டுது. கீழ வன்னி வந்துடுச்சி. எறங்காத.”

“கயிறப் பாருங்கணா, நேராத்தான நிக்குது! ஓட்டம் இருந்தா சாஞ்சி நிக்காதா?”

“கயிறு பேச்ச நம்பாத. ரெண்டு வருசமா கதவு ஒரு தபாவாவது பொய் சொல்லிச்சா? ஒருத்தன் மாட்டிக்கினது போதாதா? ஓட்டம் கொஞ்சம் அடங்கட்டும், அப்பறம் போ. உனக்கும் புள்ளகுட்டி கீது.”

தேசப்பன் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவர் சொல்லாமல் இறங்கக் கூடாது என்பது சட்டம். அதுவரை அந்தச் சட்டம்தான் அவர்கள் இரண்டு பேரையும் உயிரோடு வைத்திருந்தது. அவனைக் குறை சொல்ல முடியாது.

துலுக்காணம் திரும்பத் திரும்பக் கேட்டார். கதவு இன்றைக்கு ஒரு மாதிரியாகத் தட்டியது. மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி மூன்று. நீரோட்டம் ஆட்டுகிற கதவுக்கு எண்ணத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும், அலை மாறியதால் அப்படிக் கேட்கிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பச்சையம்மா சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே இருக்கிறவர்கள் தட்டுகிறார்கள், ஜோசப்பைக் கூப்பிட்டுக்கொண்டார்கள், இப்போது அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் பயந்தார். பயத்தில் தேசப்பனிடம் அந்த மூன்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அரை மணி நேரம் போனது. நங்கூரம் பிடியை விட்டு நகர ஆரம்பித்தது. படகுக்குள் தண்ணீர் ஏறியது. கரைக்குப் போய்ப் பெரிய படகும் ஆட்களும் கொண்டுவருவது என்று துலுக்காணம் முடிவு செய்தார். ஜோசப்பின் கயிற்றை ஒரு மிதவையில் கட்டிவிட்டார்கள். கடைசியாக ஒரு முறை காதை வைத்துப் பார்த்தார். சத்தம் தேய்ந்து, தட்டுக்குத் தட்டு இடைவெளி நீண்டிருந்தது. ஆனால் நிற்கவில்லை. அவர் துடுப்பை உருவி எடுத்துப் படகில் போட்டுவிட்டு மோட்டாரைப் போடச் சொன்னார்.

துறைமுகத்துக்குப் போன் செய்யவும் கான்ட்ராக்டரைக் கூட்டி வரவும் துலுக்காணமும் தேசப்பனும் சரக்கு ஏற்றும் வேனில் புதுவாயலுக்கு ஓடினார்கள். கான்ட்ராக்டர் கிடங்கில் இல்லை. கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த முத்தம்மாள், ஆள் அனுப்பியிருக்கிறேன், இருங்கள் என்றாள். துலுக்காணம் சுவரோரமாக நின்றார். பாசி நாற்றம் குப்பென்று அடித்தது. திரும்பிப் பார்த்தார்.

ஆறடி உயரத்தில் ஓர் இரும்புக் கதவு சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மேலே ஒரு கீல் இருந்தது, கீழே இல்லை. உடம்பு முழுக்கச் சிப்பி ஒட்டிக் கரடுமுரடாகக் கிடந்தது. ஒரு விளிம்பு மட்டும் வருஷக்கணக்கில் மோதி மோதித் தேய்ந்து பளபளவென்று இருந்தது.

“இது எப்போ வந்துச்சி?” என்று கேட்டார்.

“அமாவாச அன்னிக்குதாண்ணா. ஜோசப்புதான் எடுத்துக் குடுத்தாராம், வெளியூரு படகுல போயி. நீங்க இல்லாத நேரத்துல எறங்கினது தெரிஞ்சா வேலைய உட்டுட்டுப் போயிடுவீங்கன்னு, சொல்லக் கூடாதுன்னுட்டாரு மொதலாளி.”

தேசப்பன் கதவைப் பார்த்தான். பிறகு துலுக்காணத்தைப் பார்த்தான். கப்பலில் தட்டுவதற்குக் கதவே இல்லை என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. தேசப்பன் தரையில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். துலுக்காணத்துக்கு அழுகை வரவில்லை. சிலிண்டரில் முக்கால் மணி நேரக் காற்று. இறங்கி மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. அதை மட்டும் மனசு திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டது.

ஜோசப் வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் முதலாளியிடம் பயம் மட்டும் அல்ல, துலுக்காணம் அண்ணன் முகத்தைப் பார்த்து ‘உங்க சொல்லை மீறினேன்’ என்று சொல்லக் கூச்சம். நல்லவர்கள் சாகிற காரணங்கள் சில சமயம் இத்தனை அற்பமாக இருக்கின்றன.

அன்றைக்கு இருந்த கடலில் பெரிய படகும் போக முடியவில்லை. மறுநாள் காலை கடல் அடங்கியிருந்தது. தேசப்பன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, துலுக்காணத்தின் முகத்தைப் பார்க்காமல், “கேளுங்க” என்றான். துலுக்காணம் துடுப்பை விட்டுக் காதை வைத்தார்.

டொக். டொக். டொக்.

கப்பலில் கதவும் இல்லை, உயிருள்ள ஆளும் இல்லை. அவர் காதை எடுக்காமல் நெடுநேரம் கேட்டார். மூன்று தட்டு, நிறுத்தம், மறுபடி மூன்று.

“ஒண்ணும் இல்ல. எறங்கு” என்றார்.

இருபது நிமிஷத்தில் தேசப்பன் ஜோசப்போடு மேலே வந்தான். கதவைப் பிடுங்கியதில் ஆட்டம் கண்டிருந்த மேல்தகடு சரிந்து ஜோசப்பின் காலை நசுக்கிப் பிடித்திருந்தது. செம்பு பெயர்க்கக் கொண்டுபோன சுத்தியலை ஜோசப்பின் கைவிரல்களிலிருந்து பிரிக்க முடியவில்லை. “கீழ தண்ணி கொளம் மாதிரி நிக்குது. ஒரு சத்தம் இல்ல” என்றான் தேசப்பன். துலுக்காணத்திடம் அவன் பேசிய கடைசி வார்த்தை அது. கொஞ்ச நாளில் பம்பாய்க்குப் போய்விட்டான். ஒரு முறையாவது அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று துலுக்காணம் பல தடவை நினைத்ததுண்டு.

போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டது. துலுக்காணம் கடலை விட்டார். அறுவடைக் கூலி, செங்கல் சூளை, ரோடு வேலை என்று அலைந்து, எழுபத்தாறில் கும்மிடிப்பூண்டிக்கு வெளியே புதிதாக வந்த ஒரு போல்ட் கம்பெனியில் வாட்ச்மேன் ஆனார். கேட்டைத் தட்டாதீர்கள், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று லாரிக்காரர்களிடம் கெஞ்சுவார். கிறுக்கு என்று நினைத்தார்கள். எந்தச் சத்தம் கேட்டாலும் அவர் மனசு எண்ணத் தொடங்கிவிடும். குழாய் சொட்டினாலும் சரி, பக்கத்து வீட்டில் தேங்காய் உடைத்தாலும் சரி. நாலாவது சத்தம் வந்துவிட்டால் மூச்சு விடுவார். மூன்றோடு நின்றுவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்தக் கம்பெனி கேன்டீனுக்குப் பாத்திரம் கழுவ ஒரு பெண் வேலைக்கு வந்தாள். ஜோசப்பின் மனைவி சாராள். அடக்கத்தின்போது தூரத்திலிருந்து பார்த்த முகத்தை அவர் மறக்கவில்லை. அவளுக்குத்தான் அவரைத் தெரியாது. அவள் கேட்டுக்குள் நுழையும் நேரம் பார்த்து இரண்டு மாசம் கேபினுக்குப் பின்னால் போய் நின்றார். ஒருநாள் மதியம், சாப்பாட்டு வேளை முடிந்த வெயிலில், அவளே கேபினுக்கு வந்தாள்.

“நீங்கதான துலுக்காணம் அண்ணா? இப்பதான் பேர் சொன்னாங்க. அவரு ஊட்டுக்கு வந்தா உங்களப் பத்திதான் பேசிக்கினு இருப்பாரு. கதவு தட்டுதான்னு கேட்டுச் சொல்ற அண்ணான்னு.”

துலுக்காணம் எழுந்து நின்றுவிட்டார்.

“உங்கள ஒண்ணு கேக்கணும். ஏழு வருசமா யாரக் கேட்டாலும் உடனே போயிருப்பாருன்னு சொல்றாங்க. தேசப்பனக் கேட்டேன், அழுதுக்கினே போயிட்டாரு. அவரு கையில சுத்தி இருந்துச்சாமே. உடனே போனவருக்குக் கையில சுத்தி எதுக்குணா?”

வேலை செய்துகொண்டிருந்தபோது போயிருப்பார் என்று சொல்லிவிடலாம். அவளும் நம்பியிருப்பாள். துலுக்காணத்தால் முடியவில்லை. ஏழு வருஷமாக நெஞ்சில் அடைத்திருந்தது முழுக்க வெளியே வந்தது. துடுப்பைச் சொன்னார், கயிற்றைச் சொன்னார், தேசப்பனைத் தடுத்ததைச் சொன்னார். “மூணு மூணாத் தட்டினாரும்மா. கதவுக்கு எண்ணத் தெரியாதுன்னு அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்கல. நான்தாம்மா கொன்னுட்டேன்” என்றார்.

சாராள் பெஞ்சில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் மண்ணை வாரித் தூற்றுவாள், காறித் துப்புவாள் என்று அவர் காத்திருந்தார். அதற்காகத்தான் சொன்னார் என்றுகூடச் சொல்லலாம்.

“எவ்ளோ நேரம் தட்டினாரு?”

“அர மணி நேரத்துக்கு மேல.”

அவள் மறுபடி பேசியபோது குரலில் கோபம் இல்லை.

“தனியாப் போயிட்டாருன்னு நெனச்சிக்கினு இருந்தேணா. அந்த இருட்டுல, மேல யாருக்கும் எதுவும் தெரியாம. அத நெனச்சித்தான் எனக்கு ஏழு வருசமா தூக்கம் இல்ல. தப்பா நெனச்சிருந்தாலும் நீங்க கேட்டுக்கினுதான இருந்தீங்க. ஒரு காதாவது அவரு கூட இருந்துச்சி.” கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். “நிக்கிற வரைக்கும் கேட்டீங்களாணா?”

எல்லாவற்றையும் சொன்ன துலுக்காணம், சத்தம் நிற்பதற்கு முன்னாலேயே துடுப்பை உருவி எடுத்ததை மட்டும் சொல்லியிருக்கவில்லை.

“கேட்டேம்மா” என்றார். “நிக்கிற வரைக்கும்.”

சாராள் தலையை ஆட்டினாள். இரண்டு மணிச் சங்கு ஊதியது. அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

மறுநாளிலிருந்து தினமும் அவருக்கென்று ஒரு தம்ளர் டீயை அவளே கொண்டுவந்து கேபினில் வைத்தாள். அந்த டீ அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இருந்தாலும் ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.